பயணம் புறப்படுமுன் வயிற்றைக் கலக்குகிறதா?



ஊசி போட வருகிற பிள்ளைகளிடம் "பயப்படாதே, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று தினமும் சொல்கிறவன் நான். ஆனால் 2018-ஆம் ஆண்டு முதன்முதலாகத் திருச்சிக்கு விமானம் ஏறப் போனபோது, இந்த டிரெசரின் தைரியம் எங்கே போனதோ தெரியவில்லை. முதல் நாள் இரவு தூக்கமில்லை. காலையில் நாலு தடவை கழிவறைக்கு ஓடினேன். கோலாலம்பூர் விமான நிலையத்தில் போய் உட்கார்ந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, உதட்டைச் சுற்றி மரத்துப் போகிறது. பேசாமல் வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் அங்கே வாக்கப்பட்டுப் போன அக்காவின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா?

பக்கத்து நாற்காலியில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். முன்பின் பார்த்தவர் இல்லை. "என்னா தம்பி, மொதத் தடவையா?" என்றார். ஆமாம் என்றேன்.

"நான் மொதத் தடவை அழுதுகிட்டேதான் ஏறுனேன். இது நாலாவது தடவை. ஏறுன கொஞ்ச நேரத்துல காலுக்குக் கீழ தடக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். அது சக்கரம் உள்ள போற சத்தம். காது அடைக்கும், எச்சியை முழுங்குங்க. நடுவுல நம்ம லோரி செம்மண் ரோட்டுல போற மாதிரி ஆடும். அவ்வளவுதான்" என்று சொல்லி, கையில் ஒரு புதினா மிட்டாயும் கொடுத்தார். பேராவில் பால்மரம் வெட்டியவராம். என் தொழிலைக் கேட்டபோது சொல்ல வெட்கமாக இருந்தது!

அரைமணி நேரம் பேசியதில் படபடப்பு அடங்கிவிட்டது. இது எப்படி நடந்தது?

பயம் வந்தால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்ற நீரை இரத்தத்தில் விடுகின்றன. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. மூச்சும் வேகமாகிறது. அதனால் இரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைந்து, உதடும் விரலும் மரத்துப் போகின்றன.

பேசும்போது நாம் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுகிறோம். அதனால் இதயத் துடிப்பு தணிகிறது. அடுத்தது, என்ன சத்தம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அது வரும்போது பயம் பாதியாகிவிடும். எல்லாவற்றிலும் பெரியது, அந்த அம்மா போய்த் திரும்பி வந்தவர்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். கூலிக், மாலர், மூர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இது. இதய ஆப்பரேஷனுக்குக் காத்திருந்தவர்களில், ஆப்பரேஷன் முடிந்த ஒருவரோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்குக் கவலை குறைவாக இருந்தது. ஆப்பரேஷனுக்குப்பின் அதிகம் எழுந்து நடந்தார்கள், சீக்கிரம் வீட்டுக்கும் போனார்கள். அறையில் இருந்தவரும் தங்களைப் போலவே காத்திருந்தவர் என்றால் அவ்வளவு பலன் இல்லை.

ஆகவே, பயணம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. போய் வந்த ஒருவரிடம் முன்பே பேசுங்கள். வெட்கப்படாதீர்கள்.

2. படபடப்பு வந்தால், நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்யுங்கள்.

3. வெறும் வயிற்றோடு புறப்படாதீர்கள். லேசாகப் பசியாறுங்கள். கோப்பியைக் குறையுங்கள்.

4. இரத்த அழுத்தம், இனிப்புநீர் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். கைப்பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பினால் உறைந்து கெட்டுப் போகலாம்.

5. தைரியத்துக்கென்று மது குடிக்காதீர்கள். அடுத்தவர் தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

6. நெஞ்சு இறுக்கிப் பிடித்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, குளிர்ந்த வியர்வை கொட்டினால் "பயம்தான்" என்று சும்மா இருக்காதீர்கள். உடனே 999-க்கு அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆப்பரேஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தும், பயந்து போகாமல் இருந்துவிட்டு, வியாதி முற்றியபின் என்னிடம் வந்தவர்கள் உண்டு. உங்கள் லயத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அதே ஆப்பரேஷன் செய்து நலமாகத் திரும்பியவர் ஒரு மாலை நேரம் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். என்ன நடக்கும், எங்கே வலிக்கும், எத்தனை நாளில் எழுந்து நடக்கலாம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அந்த வேலையை டிரெசரைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள்.

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. மிட்டாய்க்கு நன்றி சொன்னதோடு சரி.