வாய்ச்சி

தச்சர் கைக்கருவி · இரும்பு அலகு, மரக் கைப்பிடி
தமிழ்நாடு, 20ஆம் நூற்றாண்டு

மண்வெட்டியைப் போலக் கைப்பிடிக்குக் குறுக்காக அமைந்த அலகே வாய்ச்சியின் அடையாளம். மரத்தைச் செதுக்கவும் சீவவும் தச்சர்கள் இதைப் பயன்படுத்தினர். நிலை, கதவு, ஏர், வண்டிச் சக்கரம், கட்டுமரம் ஆகியவை முதல் வடிவம் பெற்றது இதன் வாயில்தான்.

தச்சர் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து, தம்மை நோக்கியே வெட்டுவார். மரத்தின் நாரோட்டமும் கணுவும் ஒவ்வொரு வெட்டிலும் கைக்குத் தெரியும். மின்சாரமும் வேண்டியதில்லை. ஆனால் குறி சற்றே தவறினால் வெட்டு பாதத்திலோ கணுக்காலிலோ விழும். மழுங்கிய அலகு மரத்தில் பதியாமல் வழுக்குவதால் கூரான அலகைவிட ஆபத்தானது. எனவே தீட்டக் கற்பதும் தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது.

மரம் சீவும் வேலைக்குப் பின்னர் மின் கருவிகளும் வந்தன: 1958இல் ஜப்பானின் மகிதா நிறுவனம் மின் இழைப்புளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய கருவியின் கத்தி நிமிடத்துக்கு 10,000 முறைக்கு மேல் சுழலும். வேலை விரைந்து முடியும், முதுகுவலி குறையும். ஆனால் விரல் பட்டால் இழுத்துக்கொள்ள நேரமில்லை. இரைச்சல் செவித்திறனைக் கெடுக்கும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது.

கருவி எதுவானாலும் கவனமே முதல் காப்பு. ஆயுத பூசையன்று இன்றும் பல பட்டறைகளில் வாய்ச்சியும் மின் இழைப்புளியும் அருகருகே பொட்டு வைத்து வணங்கப்படுகின்றன.