சாவியோடு பெயரும் மாறட்டும்: பழைய சரக்கு வண்டியை அறப்பணிக்கு வழங்குவோர் அறிய வேண்டியவை

பெங்களூரின் ஈஜிபுராவில் விடியற்காலையில் முதலில் ஓடத் தொடங்குபவை சிறு சரக்கு வண்டிகளே. காய்கறியும் தண்ணீர்க் கேனும் கட்டில் மேசையும் ஏற்றிக்கொண்டு அவை கோரமங்கலா, விவேக்நகர்ப் பக்கமாக விரைகின்றன. அத்தகைய வண்டி ஒன்றைப் பத்தாண்டு ஓட்டிய வணிகர் ஒருவர் புதிய வண்டி வாங்குகிறார் எனக் கொள்வோம். பழையதை விற்க மனமின்றி, அரிசியும் காய்கறியும் கொண்டுவர வாகனம் இல்லாமல் இடர்ப்படும் முதியோர் இல்லம் ஒன்றிற்கு அதை வழங்க விரும்புகிறார்.

எண்ணம் உயர்ந்தது. அறப்பணியில் வண்டியின் பயனும் பெரிது. 2000ஆம் ஆண்டில் பெங்களூரில் ஐந்து அரசுப் பள்ளிகளின் 1,500 மாணவர்களுக்கு மதிய உணவு வழங்கத் தொடங்கிய அட்சய பாத்திரா அறக்கட்டளை, மையச் சமையலறையில் சமைத்து வண்டிகளில் பள்ளிகளுக்கு அனுப்பும் முறையிலேயே வளர்ந்தது. ஆயினும், வண்டியைக் கொடுப்பது அரிசி மூட்டையைக் கொடுப்பது போன்றதன்று.

சாவியைக் கொடுத்தால் போதுமா?

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, அசையும் பொருளை நேரில் ஒப்படைத்தாலே தானம் நிறைவுறும். ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரையே உரிமையாளராகக் கருதுகிறது. பல கை மாறிய பின்னும் பதிவேட்டில் பெயர் மாறாதிருந்த கார் ஒன்று விபத்துக்குள்ளான வழக்கில், பதிவு பெற்ற உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

நம் வணிகரின் நிலையும் அதுவே. இல்லத்தின் ஓட்டுநர் நாளை விபத்து ஏற்படுத்தினால், பெயர் மாறாத வரை இழப்பீட்டுச் சுமை வணிகரின் வீட்டு வாசலுக்கே வரும். எனவே, நிரப்பாத படிவங்களில் கையெழுத்திட்டு, “நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்” என்று கொடுத்துவிடும் வழக்கத்தை அறவே தவிர்த்தல் நன்று.

முதற்படி வங்கியில்

வண்டி கடனில் வாங்கப்பட்டிருந்தால், பதிவுச் சான்றிதழில் வங்கியின் அடமானக் குறிப்பு இருக்கும். கடன் அடைந்துவிட்டாலும் அக்குறிப்பு தானாக நீங்குவதில்லை. வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35-ம் பெற்று, போக்குவரத்து அலுவலகத்தில் அளித்து அதை நீக்க வேண்டும்.

அடுத்தது ஃபாஸ்டேக். உங்கள் கணக்கில் உள்ள அட்டையை மூடாமல் வண்டியை ஒப்படைத்தால், அது கடக்கும் ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் கட்டணம் உங்கள் பணத்திலிருந்தே கழியும். போக்குவரத்து அபராதங்கள் நிலுவையில் இருந்தால் அவற்றையும் முன்கூட்டியே செலுத்திவிடுக.

பெயர் மாற்றம்

படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கொடுப்பவரும் பெறுபவரும் கையொப்பமிட வேண்டும். பெறும் இல்லத்தின் சார்பில் அறக்கட்டளைப் பத்திரம், பான் அட்டை, வண்டியை ஏற்பதற்கான தீர்மானம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது. வண்டி கர்நாடகத்துக்குள்ளேயே இருக்குமாயின், கொடுப்பவர் 14 நாள்களுக்குள் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். பெறுபவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஒசூர்ப் பக்கத்து இல்லம் ஒன்றிற்குக் கொடுப்பதானால், இங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. தமிழகத்தின் சாலை வரியும் சேரும்.

காப்பீட்டையும் பெறுபவர் 14 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். புதிய பதிவுச் சான்றிதழின் நகல் உங்கள் கைக்கு வரும்வரை பணி முடிந்ததாகக் கருத வேண்டாம்.

வரிச் சலுகை கிடைக்குமா?

அமெரிக்காவில் வண்டி தானம் பெருவழக்கு. அங்கு அதற்கு வரிக்கழிவு உண்டு. உறவினர் வாயிலாக இதைக் கேள்வியுற்ற பலர் இங்கும் அவ்வாறே என எண்ணுகின்றனர். நம் நாட்டில் 80ஜி என மக்கள் அறிந்துள்ள சலுகை பணமாக வழங்கும் நன்கொடைக்கே உரியது. பொருளாக வழங்கினால் கிடைப்பதில்லை. ரொக்கமாயின் ரூ. 2,000 வரை மட்டுமே ஏற்கப்படும். புதிய வரி முறையைத் தேர்ந்தோருக்கு இச்சலுகையே இல்லை.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர், வண்டி வாங்கியபோது உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால், இலவசமாக வழங்கினாலும் வரி செலுத்த நேரிடலாம். கணக்காளரிடம் முன்னரே கேட்டுக்கொள்க.

வண்டியா, பணமா?

இறுதியாக, பெறுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., புதுப்பிக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது ஓர் ஆறுதல். எனினும் ஓட்டுநர் ஊதியம், டீசல், டயர், காப்பீடு ஆகியவை ஆண்டு முழுவதும் தொடரும் செலவுகள். இவற்றைத் தாங்க இயலாத இல்லத்தின் முற்றத்தில் வண்டி துருப்பிடித்து நின்றால், அக்கொடை எவருக்கும் பயன்படாது.

ஆகவே முதலில் இல்லத்தாரிடம் கேளுங்கள். அவர்களுக்கு வண்டியே வேண்டுமெனில், எஃப்.சி.யும் காப்பீடும் நடப்பில் உள்ள நிலையில், பெயர் மாற்றிக் கொடுங்கள். வேண்டாமெனில் அதை விற்று, அத்தொகையைக் காசோலையாகவோ இணையவழியாகவோ வழங்கி, நன்கொடைச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஓடும் நிலையிலேயே இல்லாத வண்டியை, பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றும் கிடைக்கும் தொகையும் பெறலாம். அத்தொகையும் அறத்துக்கு உதவும்.