மூட்டுக்கும் வேண்டும் அசைவு

1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டுக் கேமரன் மலைச் சரிவுகளில் ஏறி இறங்கி உழைத்தவர்கள் நம் பெரியோர். அங்கே கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டால், கட்டு அவிழ்த்த பின்னும் “அசைக்காதே” என்பது வீட்டாரின் அன்பு. அந்த அன்பே மூட்டை முடக்கிவிடலாம்.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை. நடக்கையில் அது அழுந்தி விரிவதால்தான் அதன் உயிரணுக்கள் மூட்டுநீரிலிருந்து உணவு பெறுகின்றன. வாரக்கணக்கில் அசைவின்றி இருந்தால் அவை தளரும், அவற்றைத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளின் வேலையும் மாறுபடும், குருத்தெலும்பு மெலியும்.

டொராண்டோ மருத்துவர் ராபர்ட் சால்டர், 1970-களில் முயல்களை ஆராய்ந்து, இடைவிடாத மெல்லிய அசைவு குருத்தெலும்புக் காயம் ஆறத் துணைபுரிவதைக் கண்டார்.

எலும்பு கூடும்வரை கட்டு அவசியம். அவிழ்த்தபின், மருத்துவர் சொன்னபடி மெல்ல மடக்கி நீட்டுவதும் அவசியம். அன்பர்கள் மீண்டும் படியேறி வந்து தொழ இறையருள் துணைநிற்கட்டும்!