ஸ்கேன் நார்மல், தலைவலி நிற்கவில்லை

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. ஒரு நிமிடம் நினைவு தப்பியது. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல். ஆனால் இரண்டு வாரம் கழித்தும் தலைவலி போகவில்லை, படித்தது மனதில் நிற்கவில்லை, சத்தம் கேட்டாலே எரிச்சல். ரிப்போர்ட்டைக் காட்டி, 'எல்லாம் சாக்கு' என்கிறார்கள் வீட்டில்.

சி.டி. பொய் சொல்லவில்லை. மண்டை ஓட்டில் விரிசலா, உள்ளே ரத்தக்கட்டா, உடனே ஆபரேஷன் தேவையா என்று சில நிமிடங்களில் சொல்வதே அதன் வேலை. லேசான தலைக்காயத்தில் அடிபடுவதோ ஆக்சான் எனப்படும் நரம்பிழைகள். பெரும்பாலானவை ஒரு மைக்ரான் தடிமனை ஒட்டியவை, சி.டி.யின் கண்ணுக்கு எட்டாதவை. தலை சட்டென்று சுழன்று நிற்கும்போது மூளைத் திசு திருகி, இந்த இழைகள் இழுபடுகின்றன. அப்போதே அறுந்துபோவது குறைவு. இழைக்குள் புரதங்களைக் கடத்தும் நுண்குழல்கள் சிதைந்து, போகவேண்டிய சரக்கு நடுவழியில் தேங்கி, அந்த இடம் மணிக்கணக்கில் மெல்ல வீங்குகிறது.

இந்தச் சிதைவைத் தேட, 1994-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பீட்டர் பாசர், ஜேம்ஸ் மாட்டியெல்லோ, டெனி லெ பிஹான் மூவரும் வெளியிட்ட முறை உதவுகிறது: டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங், சுருக்கமாக டி.டி.ஐ. வழக்கமான எம்.ஆர்.ஐ. எந்திரமே போதும். அது அளப்பது இழையை அல்ல, திசுவிலுள்ள நீரின் நகர்வை. தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்போல இழைகள் ஒழுங்காக இருந்தால் நீர் நீளவாக்கில் எளிதாக நகரும், குறுக்கே தடைபடும். குறைந்தது 6 திசைகளில் அளந்து, இந்தத் திசைச்சாய்வை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாக்குகிறார்கள். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப்பட்டையில் அந்த எண் அதிகம். மூளைநீர் அறைகளில் ஏறக்குறைய பூஜ்யம். இழைகள் சிதைந்தால் எண் குறையும்.

அங்கேதான் சிக்கலும். அடிபட்ட முதல் நாட்களில் எண் உயர்வதாகவும் சில ஆய்வுகள் காட்டுகின்றன. இழை வீங்கி, வெளியே நீர் நகரும் இடுக்கு குறுகுவதை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். வயது, எந்திரம், கணக்கிடும் மென்பொருள் மாறினாலும் எண் மாறும். பலருடைய சராசரியை ஒப்பிட நல்ல கருவி. தனி ஒருவரிடம் 'உங்களுக்குக் காயம் இங்கே' என்று சொல்ல இன்னும் போதாது. அமெரிக்க நீதிமன்றங்களில் நஷ்டஈட்டு வழக்குகளுக்கு டி.டி.ஐ. தரும் வண்ணப் படங்களைக் கொண்டுபோகிறார்கள். படம் அழகு, சாட்சியம் பலவீனம் என்பேன்.

அன்றாட மருத்துவத்துக்கு அதிகம் பயன்படுவது இன்னொரு எம்.ஆர்.ஐ. முறை, எஸ்.டபிள்யூ.ஐ. கசிந்த ரத்தத்திலுள்ள இரும்பு காந்தப்புலத்தைக் குலைப்பதால், சி.டி.யில் தென்படாத நுண்கசிவும் உள்ளதைவிடப் பெரிய கரும்புள்ளியாகத் தெரியும். அறிகுறிகள் வாரக்கணக்கில் நீடித்து டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தால், இந்த முறையும் அதில் உண்டா என்று அவரிடமே கேட்கலாம்.