புகுஷிமாவும் பொறுப்பும்

ஜப்பானியப் பார்லிமென்ட் நியமித்த விசாரணைக் குழு 2012-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி தன் அறிக்கையை வெளியிட்டபோது, புகுஷிமா தாயிச்சி அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்துக்கு இயற்கையின்மீது பழி போடுவதற்கில்லை என்றும், முன்கூட்டியே அறிந்திருக்கக் கூடியதும் தடுத்திருக்கக் கூடியதுமான அந்த விபத்து மனிதர்களால் விளைந்ததே என்றும் ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பர் 19-ஆம் தேதி, அந்த நிலையத்தை நடத்திவந்த டோக்கியோ மின்சாரக் கம்பெனியின் முன்னாள் தலைவர்கள் மூவர் குற்றவாளிகள் அல்லர் என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. மனிதர்கள் விளைவித்த விபத்து என்றால் அந்த மனிதர்கள் யார்? இந்தக் கேள்வியை ஜப்பானிய ஜனங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அணுசக்தியைக் கைக்கொண்ட எந்தத் தேசத்தின் பிரஜையும் அதைத் தனக்குச் சம்பந்தமற்ற விவகாரமாக எண்ணிவிட முடியாது.

2011 மார்ச் 11-ஆம் தேதி பிற்பகல் 2 மணி 46 நிமிஷத்துக்கு, ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், சமுத்திரத்தின் அடியில் 9.0 அளவுள்ள பூகம்பம் உண்டாயிற்று. நிலையத்திலிருந்த ஆறு உலைகளில் மூன்று அப்போது பராமரிப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. இயங்கிக்கொண்டிருந்த மூன்றும் பூமி அதிர்ந்த மாத்திரத்தில் தாமாகவே நின்றன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் அற்றுப்போனதும் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அதுவரையில் எல்லாம் திட்டமிட்டபடியே நடந்தது. ஆனால் சுமார் 50 நிமிஷங்களுக்குப் பிறகு, 5.7 மீட்டருக்கு மேல் அலை எழாது என்ற கணக்கை நம்பிக் காக்கப்பட்டிருந்த அந்தக் கரையில், ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்துக்குச் சுனாமி எழுந்தது. முதல் நான்கு உலைகள் நின்ற தரை கடல்மட்டத்துக்கு 10 மீட்டர் உயரத்தில்தான் இருந்தது. இயற்கையில் சுமார் 35 மீட்டர் உயர்ந்திருந்த மேட்டை, கட்டுமானக் காலத்தில் வெட்டித் தாழ்த்தியதும் மனிதர்களே. பெரும்பாலான ஜெனரேட்டர்கள் கட்டடங்களின் அடித்தளத்தில் வைக்கப்பட்டிருந்தபடியால், மொத்தம் 13-ல் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் பயனற்றுப் போயின.

விறகை வெளியே இழுத்துவிட்டால் அடுப்பு ஆறிவிடுவதைப் போல அணு உலை ஆறிவிடுவதில்லை. அணுப்பிளவு நின்ற பிறகும், பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே இருப்பதனால், நிறுத்திய கணத்தில் முழு ஆற்றலில் சுமார் 6, 7 சதவீதம் வெப்பமாக வந்துகொண்டிருக்கும்; நாளடைவில் குறையுமேயன்றி அது உடனே ஒழியாது. ஆகவே நின்றுபோன உலைக்கும் நீர் ஓயாமல் பாய வேண்டும். நீர் பாய மின்சாரம் வேண்டும். மின்சாரம் இல்லாத புகுஷிமாவில், உலைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும் மானிகளை உயிர்ப்பிக்க ஊழியர்கள் கார்களிலிருந்து பாட்டரிகளைக் கழற்றிவந்து இணைத்தார்கள். மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகியது. எரிபொருளை மூடியிருந்த உலோகம் கொதிநீராவியோடு சேர்ந்து வெளியிட்ட ஹைட்ரஜன் வாயு, மார்ச் 12-ஆம் தேதியன்று முதலாம் உலைக் கட்டடத்தையும், 14-ஆம் தேதி மூன்றாம் உலைக் கட்டடத்தையும், 15-ஆம் தேதி நான்காம் கட்டடத்தையும் வெடித்துத் தகர்த்தது.

இவற்றையெல்லாம் எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று கம்பெனி முதலில் சொல்லிற்று. ஆனால் 2002-ஆம் ஆண்டிலேயே, ஜப்பானிய அரசாங்கத்தின் பூகம்ப ஆராய்ச்சி அமைப்பு, ஜப்பான் கடற்பள்ளத்தை ஒட்டிய பகுதியில் எங்கு வேண்டுமானாலும் பெரிய சுனாமியை எழுப்பும் பூகம்பம் 30 ஆண்டுகளுக்குள் நேர 20 சதவீத வாய்ப்பு உண்டு என்று மதிப்பிட்டிருந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதிச் சுனாமியில் நம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்பு அறைக்குள் கடல் புகுந்தது. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டதனால் தீங்கு விளையவில்லை. எனினும் அந்தச் சம்பவத்தை ஓர் எச்சரிக்கையாகக் கொண்டு, ஜப்பானிய அதிகாரிகளும் மின்சாரக் கம்பெனிகளும் 2006-ஆம் ஆண்டில் ஆய்வுக் கூட்டங்கள் நடத்தினர். நிலையத்தின் தரைமட்டத்தைத் தாண்டி அலை வந்தால் புகுஷிமாவில் மின்சாரம் முற்றிலும் அற்றுப்போகக் கூடும் என்பது அப்போதே இரு தரப்பாருக்கும் தெரிந்துவிட்டது. நம் கரையில் கிடைத்த பாடம் அவர்களுடைய மேஜைவரையில் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து கடற்கரைக்குப் போகவில்லை.

2008-ஆம் ஆண்டில் கம்பெனியின் கணக்கீடே 15.7 மீட்டர் என்ற அளவைக் காட்டியது. அந்த ஆண்டு ஜூலை மாதம் அதை ஆராய்ந்த சகாயே முத்தோ என்ற மேலதிகாரி, உடனே தடுப்புக்குக் கட்டளையிடாமல், பொறியியலாளர் சங்கத்தின் அபிப்பிராயத்தைக் கேட்போம் என்று தீர்மானித்தார். அபிப்பிராயம் கேட்பதில் தவறில்லை. ஆனால் அது வந்து சேரும்வரையில் ஜெனரேட்டர்களை மேட்டுக்கு மாற்றவோ கதவுகளை நீர் புகாதபடி அடைக்கவோ யாரும் முனையவில்லை. அந்த 15.7 மீட்டர்க் கணக்கைக் கம்பெனி கண்காணிப்பு அதிகாரிகளிடம் 2011 மார்ச் 7-ஆம் தேதி எடுத்துரைத்தது. நான்கு நாள் கழித்துக் கடலே வந்துவிட்டது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பதை அதே கரையில் வேறொருவர் கடைப்பிடித்திருந்தார். பூகம்பத்தின் மையத்துக்குப் புகுஷிமாவைக் காட்டிலும் அருகில் இருப்பது ஒனகாவா அணுமின் நிலையம். அதை அமைத்த தோஹோகு மின்சாரக் கம்பெனியில், யானோசுகே ஹிராய் என்ற பொறியியலாளர், கி.பி. 869-ஆம் ஆண்டின் பேரலையை நினைவூட்டி, நிலையத்தை உயரமான இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 14.8 மீட்டர் உயரத்தில் அது கட்டப்பட்டது. சுமார் 13 மீட்டர் அலை வந்தபோது நிலையம் தப்பியதோடு, வீடிழந்த அக்கம்பக்கத்தார் 300 பேருக்கு மேல் அதன் வளாகத்திலேயே அடைக்கலம் புகுந்தார்கள். ஒரே கடல், ஒரே அலை, ஒரே தேசம். முடிவுகள் வேறானதற்குக் காரணம் தீர்மானித்தவர்கள் வேறானதே.

விபத்தின் பின்னர் நடந்தவையும் சாமானிய மக்களின் நம்பிக்கையைக் குலைத்தன. கதிரியக்க மேகம் எந்தத் திசையில் செல்லும் என்று முன்னறிவிக்கும் கணினி அமைப்பு ஒன்று அரசாங்கத்திடம் இருந்தும், அதன் முடிவுகள் உரிய காலத்தில் ஊராருக்குச் சொல்லப்படவில்லை. நாமியே என்ற ஊரின் மக்கள், மாசு அதிகம் படிந்த திசையிலேயே இருந்த சுஷிமா என்ற பகுதிக்கு ஓடித் தங்கினார்கள். எரிபொருள் உருகிவிட்டதைக் கம்பெனி ஒப்புக்கொள்ள மே மாதமாயிற்று. எரிபொருளில் 5 சதவீதத்துக்கு மேல் சேதமானால் அதை உருகலாகவே அறிவிக்க வேண்டும் என்ற விதி கம்பெனியின் கையேட்டிலேயே இருந்ததும், அப்படிச் சொல்லக் கூடாது என்று அன்றைய தலைவர் உத்தரவிட்டிருந்ததும் 2016-இல்தான் வெளிவந்தன. பின்வந்த தலைவர் அதை மூடிமறைப்பு என்றே ஏற்று மன்னிப்புக் கோரினார்.

நிலையத்தின் அதிபரான மசாவோ யோஷிதாவின் வரலாறு பொறுப்பு என்பதன் சிக்கலை நன்கு விளக்கும். உலைக்குள் கடல்நீரைப் பாய்ச்சுவதை நிறுத்தும்படி மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டபோது, நிறுத்துவதாகப் பாவனை செய்துவிட்டுத் தொடர்ந்து பாய்ச்சச் செய்த அவரை ஜப்பான் வீரராகப் போற்றிற்று. ஆனால் 2008-இல் 15.7 மீட்டர்க் கணக்கு மேலிடத்துக்குப் போனபோது, அந்த விஷயத்தைக் கவனிக்கும் பிரிவின் தலைவராக இருந்தவரும் அவரே. ஒத்திப்போட்ட கூட்டத்திலும் அவர் இருந்தார். உயிரைப் பணயம் வைத்த இடத்திலும் அவர் இருந்தார். 2013 ஜூலையில் அவர் காலமானார். ஒரு மனிதனுக்குள்ளேயே இப்படி இரண்டும் கலந்திருக்கும்போது, ஒரு ஸ்தாபனத்துக்குள் குற்றத்தைப் பிரித்தெடுப்பது எளிதன்று.

பிரித்தெடுக்க ஜப்பான் முயலாமல் இல்லை. மருத்துவப் பேராசிரியரான கியோஷி குரோகாவாவின் தலைமையில் பத்துப் பேர் கொண்ட அந்தக் குழு, அந்நாட்டுப் பார்லிமென்ட் தன் சரித்திரத்தில் முதன்முறையாக நியமித்த சுதந்திர விசாரணைக் குழுவாகும். அரசாங்கம் அமைத்த மற்றொரு குழு சாட்சிகளைக் கதவுகளுக்குப் பின்னால் விசாரிக்க, குரோகாவா குழுவோ விபத்தின்போது பிரதமராயிருந்த நவோதோ கான் முதல் கம்பெனியின் தலைவர் வரையில் எல்லோரையும் பகிரங்கமாக அமர்த்திக் கேள்வி கேட்டது. அந்தக் காட்சியை இணையத்தின் வழியே எவரும் பார்க்கலாமாயிருந்தது. 1,167 பேரை விசாரித்த பிறகு அது கண்ட உண்மை இதுதான்: கண்காணிக்க வேண்டியவர்களும் கண்காணிக்கப்பட வேண்டியவர்களும் ஒரே அணியாகிவிட்டனர். அணுசக்தியை வளர்க்கும் கடமையைப் பெற்ற பொருளாதார அமைச்சகத்தின் கீழேயே, அதைக் கட்டுப்படுத்தும் அலுவலகமும் இருந்தது. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் மின்சாரக் கம்பெனிகளில் பதவி பெறுவது வழக்கமாயிருந்தது. நீண்ட நேர மின்தடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று 1990-ஆம் ஆண்டின் வழிகாட்டி விதியே கூறியிருந்தது.

ஆனால் அந்த அறிக்கையின் ஆங்கில முன்னுரை வேறொரு சர்ச்சையைக் கிளப்பியது. கீழ்ப்படிதலும், அதிகாரத்தைக் கேள்வி கேட்கத் தயங்குவதும், கூட்டத்தோடு ஒத்துப்போவதும் ஜப்பானியப் பண்பாட்டின் இயல்புகள் என்றும், விபத்தின் வேர்கள் அங்கேதான் உள்ளன என்றும் குரோகாவா அதில் எழுதியிருந்தார். பண்பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் மனிதர்கள் யாவரும் கூண்டைவிட்டு இறங்கிவிடுவார்கள் என்று விமர்சகர்கள் ஆட்சேபித்தனர். என் அபிப்பிராயமும் அதுவே. ஹிராயும் ஜப்பானியர்தாமே, அவருக்குக் கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது.

நீதிமன்றங்களில் நடந்ததும் நெடிய கதை. ஆயிரக்கணக்கான பிரஜைகள் புகார் செய்தும் அரசாங்க வழக்கறிஞர்கள் வழக்குத் தொடர மறுத்தனர். ஆனால் ஜப்பானியச் சட்டப்படி, குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்படும் 11 சாதாரணக் குடிமக்களைக் கொண்ட சபை இருமுறை கூடி வற்புறுத்தினால் வழக்கு நடந்தே தீர வேண்டும். அப்படித்தான் 2016 பிப்ரவரியில் சுனேஹிசா கட்சுமாதா, சகாயே முத்தோ, இச்சிரோ தகேகுரோ ஆகிய மூவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. கதிர்வீச்சின் உடனடித் தாக்கத்தால் மாண்டதாக அந்த வழக்கு எவரையும் குறிக்கவில்லை. அவசர அவசரமாக இடம்பெயர்க்கப்பட்டபோது உயிரிழந்த 44 நோயாளிகளும் முதியோரும் முக்கியமாகக் குறிக்கப்பட்டனர். உலைகளை நிறுத்தியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அளவுக்கு அன்றைய எச்சரிக்கைகள் நம்பகமானவையல்ல என்று கூறி நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. 2023-இல் உயர் நீதிமன்றமும், கட்சுமாதா காலமான பின்னர் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. பங்குதாரர்கள் தொடுத்த சிவில் வழக்கில், முன்னாள் நிர்வாகிகள் நால்வர் 13 லட்சம் கோடி யென்னுக்கு மேல் கம்பெனிக்குச் செலுத்த வேண்டும் என்று 2022-இல் வந்த தீர்ப்பும் 2025 ஜூனில் மேல்முறையீட்டில் தள்ளுண்டு போயிற்று. அரசாங்கம் தடுப்புச் சுவரைக் கட்டச் சொல்லியிருந்தாலும் அந்த அலையைத் தடுத்திருக்க இயலாது என்று கூறி, 2022 ஜூன் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தையும் நஷ்டஈட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. நான்கு நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

இதற்கு நேர்மாறானது செர்னோபிலின் அனுபவம். 1986-இல் விபத்து நேர்ந்த மறு ஆண்டே சோவியத் அரசாங்கம் ஆறு பேரைத் தண்டித்தது. அவர்களில் மூவருக்குத் தலா 10 ஆண்டுச் சிறை. ஆனால் உலையின் அமைப்பிலேயே இருந்த கடுமையான குறைகள் அந்த வழக்கில் பின்தள்ளப்பட்டு, ஊழியர்களின் தவறே முன்னிறுத்தப்பட்டது. அமைப்புக் குறைகளின் பங்கைச் சர்வதேச நிபுணர்கள் 1992-இல்தான் முழுமையாக எடுத்துரைத்தனர். ஆகவே சிறைத்தண்டனையின் எண்ணிக்கையை வைத்து ஒரு தேசத்தின் பொறுப்புணர்ச்சியை அளந்துவிட முடியாது. தண்டித்தவர்கள் உண்மையை மறைத்தார்கள். உண்மையை வெளியிட்டவர்கள் எவரையும் தண்டிக்க இயலவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள நேர்ந்தால், வெளியான உண்மையே பெரிது என்பேன். ஏனெனில் அதைக் கொண்டே சீர்திருத்தம் பிறக்கிறது. 2012 செப்டம்பரில் ஜப்பான் பழைய கண்காணிப்பு அலுவலகத்தைக் கலைத்து, பொருளாதார அமைச்சகத்தின் பிடியிலிருந்து விலகிய புதிய ஆணையத்தை நிறுவியது அந்தப் பகிரங்க விவாதத்தின் பயனேயாகும்.

எனினும் விபத்துக்குப் பின் கேட்கப்படும் கேள்வி, எவ்வளவு கூர்மையானதாயினும், காலம் கடந்த கேள்விதான். குற்றவியல் நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாத அத்தாட்சியைக் கேட்கும். பல கைகள் மாறிய ஒரு தீர்மானத்தில் அத்தகைய அத்தாட்சி கிடைப்பது அரிது. ஆகையால் எந்த எச்சரிக்கை யாரிடம் வந்தது, அதை ஏற்க மறுத்தவர் யார், ஒத்திவைத்தவர் யார், எந்தத் தேதிவரையில் ஒத்திவைத்தார் என்பவையெல்லாம் விபத்துக்கு முன்பே எழுத்தில் பதிவாகி, ஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நாம் எந்தப் பக்கம் நின்றாலும், இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கண்காணிப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்றும், கடைசியாக வந்த எச்சரிக்கைக்கு என்ன பதில் எழுதப்பட்டது என்றும், உலைகள் அமைதியாக இயங்கிக்கொண்டிருக்கும் இன்றே கேளுங்கள்.