கடல்மீன் தொட்டி: மீனைக் கொல்வது நோய் மட்டுமல்ல

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்வைத்தியரின் காத்திருப்பு அறையிலும், விடுதிகளின் வரவேற்பறையிலும், வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடுகளின் விறாந்தையிலும் கடல்மீன் தொட்டிகள் இன்று கண்ணில் படுகின்றன. நம்மில் பலர் சிறுவயதில் போத்தலில் வளர்த்த கப்பி மீனுக்கு உணவும் நல்ல தண்ணீரும் போதும். கடல்மீன் தொட்டி அப்படியல்ல. நீரைச் சுழற்றும் பம்ப், வடிகட்டி, விளக்கு, மின்விசிறி என்று இயந்திரங்களில்தான் அதன் உயிர் தங்கியிருக்கிறது. அந்த இயந்திரங்களே மீனைக் கொல்லவும் கூடும். சில வேளைகளில் மனிதரையும்.

தொட்டி வைத்திருப்பவர்களுடனும், அவற்றுக்கு மீன் பிடித்துக் கொடுக்கும் கிழக்குக் கரைச் சுழியோடிகளுடனும் சில மாதங்களாகப் பேசி வருகிறேன். மீன் செத்தால் முதலில் நோயைத்தான் சந்தேகிக்கிறோம். பம்ப்பையும் வயரையும் பார்ப்பவர்கள் குறைவு.

இலங்கையில் விற்கப்படும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவை அல்ல. கடலடிப் பாரில் சுழியோடிகள் ஒவ்வொன்றாகப் பிடித்தவை. ஆழத்தில் இருந்து விரைவாக மேலெழுந்தால் இரத்தத்தில் நைதரசன் குமிழிகள் உருவாகும். அதனால் கால் செயலிழந்த சுழியோடிகள் நமது கரையோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த மீனை நமது கவனயீனத்தால் சாகவிடுவது நியாயமில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கடலில் இருந்து உயிர்ப்பவளத்தைப் பெயர்த்தெடுப்பது இலங்கையில் சட்டவிரோதம். தொட்டிக்காக அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

உறிஞ்சும் வாய்

பம்ப் தண்ணீரை இழுக்கும் பக்கம்தான் முதலாவது ஆபத்து. ஆரோக்கியமான மீன் அந்த இழுவையை எதிர்த்து நீந்திவிடும். பம்ப் வாயில் ஒரு மீன் ஒட்டியிருந்தால் பம்ப்பை மட்டும் குற்றஞ்சாட்ட வேண்டாம். அது ஏற்கெனவே களைத்தோ நோயுற்றோ இருந்திருக்கலாம். தண்ணீரையும் மற்ற மீன்களையும் உடனே கவனியுங்கள்.

கடற்குதிரையும் அனிமோன் எனப்படும் கடற்சாமந்தியும் வேறு கதை. கடற்குதிரை வாலால் எதையாவது பற்றிக்கொண்டு நிற்கும் பலவீனமான நீச்சல்காரன். கடற்சாமந்தி இடம் பிடிக்காவிட்டால் இரவில் மெல்ல ஊர்ந்து போகும். அது பம்ப்பின் வாய்க்குள் அகப்பட்டுச் சிதைந்தால் தண்ணீர் முழுவதும் நஞ்சாகி, ஓர் இரவிலேயே மற்ற மீன்களும் சாகக்கூடும். கோமாளி மீனுக்குத் துணையாகக் கடற்சாமந்தி வாங்குபவர்கள் இதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

தீர்வு மலிவானது. பம்ப்பின் வாய்க்குப் பெரிய துளைகள் கொண்ட பஞ்சு உறை அல்லது பிளாஸ்ரிக் வலை போடுங்கள். வாரம் ஒரு முறை, தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அதை அலசுங்கள். அழுக்கு அடைத்தால் பம்ப் சூடேறும். தண்ணீர் வழிந்து கீழ்த் தொட்டிக்குப் போகும் வாய்க்கும் வலை வேண்டும். தொட்டியின் மேலே வலைமூடி போடுங்கள். கடல்மீன்களில் பல துள்ளி வெளியே விழக்கூடியவை.

மின்சாரமும் உப்பும்

வலிகாமத்தில் வீட்டு முன்னறையில் மீன்கடை நடத்தும் ஓர் அக்கா இருக்கிறார். இறுதி யுத்தத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளையும் தனியே வளர்த்தவர். வாடிக்கையாளர்களுக்குத் தான் சொல்வதை எனக்கும் சொன்னார்: "தம்பி, மீன் செத்தால் காசுதான் போகும். கரண்ட் அடிச்சால் ஆளே போயிடும்."

கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். விரிசல் விட்ட பம்ப்பில் இருந்து கசியும் மின்சாரம் தொட்டி நீருக்குள் வந்தாலும் மீன் பெரும்பாலும் சாதாரணமாகவே நீந்தும். கரண்ட் கம்பியில் இருக்கும் காகத்துக்கு ஒன்றும் ஆகாதது போலத்தான் இதுவும்: மின்சாரம் அதன் உடல் வழியே நிலத்துக்குப் போவதில்லை. வெறுங்காலுடன் சீமெந்துத் தரையில் நின்று கையை விடுகிற நம் உடல் வழியே அது நிலத்துக்குப் போகும். மீன் நீந்துகிறதே என்று நம்பிக் கை வைக்க முடியாது.

ஆகவே 30 மில்லி அம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இல்லாமல் கடல்நீர்த் தொட்டி வைக்கவே கூடாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். மல்ரி பிளக்கைத் தொட்டிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். ஒவ்வொரு வயரும் பிளக்கை அடைவதற்கு முன் கீழே தொங்கி, பின் மேலேறிப் போகட்டும். அப்போது வயரில் வழியும் தண்ணீர் தொங்கும் இடத்திலேயே சொட்டிவிடும். வெள்ளையாகப் படியும் உப்பை ஈரத்துணியால் துடையுங்கள், மின்சாரத்தை நிறுத்திய பிறகு. கை தொட்டிக்குள் போகும் ஒவ்வொரு முறையும் முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

நமது ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பொருள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அங்கிருந்து வந்த பம்ப்பை நேரே செருகினால் எரிந்துவிடும். ட்ரான்ஸ்போமர் வைத்தாலும் ஹேர்ட்ஸ் மாறாது. சாதாரண பம்ப் மெதுவாகச் சுழன்று சூடேறும். ஐரோப்பிய இரட்டை முனை பிளக்கை, மேல்துளைக்குள் பேனையை விட்டுத் திறந்து செருகும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அப்படிச் செருகிய பிளக் தளர்வாக நின்று தீய்ந்துபோகும், நிலத்தொடுப்பும் கிடைக்காது. வாங்குவதற்கு முன் லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 முதல் 240 வோல்ற் வரை என்று இருந்தால் இங்கே பாவிக்கலாம், பொருத்தமான அடப்டருடன்.

மின்சாரம் நிற்கும்போது

சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு மின்வெட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. 2025 பெப்ரவரி 9 இல் முழு இலங்கையும் இருளில் மூழ்கியது. தொட்டியில் இருக்கும் மீனுக்கு இருட்டு பிரச்சினை இல்லை. மூச்சுத்தான் பிரச்சினை. 28 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீரில் சுமார் 7.8 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். கடல்நீரில் சுமார் 6.4 மட்டுமே. நீர் அசையாமல் நின்றால் அதுவும் விரைவில் தீரும்.

மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பவர் பாங்கில் ஓடுபவையும் உண்டு. அதுவும் இல்லாவிட்டால் ஒரு கோப்பையால் தொட்டி நீரை அள்ளி, ஒரு சாண் உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றுங்கள். மின்சாரம் வரும்வரை உணவு போட வேண்டாம்.

கீழ்த் தொட்டி உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். பம்ப் நின்றதும் மேலே இருக்கும் தண்ணீர் அதே குழாய் வழியே தானாகக் கீழே இறங்கும். கீழ்த் தொட்டி நிரம்பித் தரையில் வழிந்து பிளக் வரை போகலாம். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை இட்டால், நீர் அந்த அளவுக்கு இறங்கியதும் காற்றுப் புகுந்து வடிதல் நின்றுவிடும். பாசியும் நத்தையும் அந்தத் துளையை அடைக்காமல் பார்க்க வேண்டும். காற்றுப் பம்ப்பை எப்போதும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

சூடும் ஆவியும்

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் வேண்டும். கண்ணாடி ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் பட்டால் வெடிக்கும். தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணித்தியாலம் முன்பே அதை நிறுத்துங்கள். உள்ளே சுவிச் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் நிற்காமல் எரிந்து மீனை அவித்துவிடும். தனியாக ஒரு வெப்பமானி கட்டாயம் வேண்டும்.

வடக்கில் மின்விசிறியால் குளிரூட்டுகிறோம். அதனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். குறைந்த அளவுக்குக் கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நன்னீர்தான் ஊற்ற வேண்டும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் வந்த நைத்திரேற்று அதிகம். குடிக்க வாங்கும் சுத்திகரித்த தண்ணீரையே பாவியுங்கள்.

கடைசியாக, ஓர் ஓய்வு நாளின் பகல் வேளையில் தொட்டியின் மின்சாரம் முழுவதையும் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். கீழ்த் தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது? எங்காவது வழிகிறதா? திரும்பப் போட்டதும் எல்லாப் பம்ப்பும் தானாக ஓடுகின்றனவா? நீங்கள் விழித்திருக்கும் பகலில் வெளிப்படும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். அதே பிழை நடுச்சாமத்தில் வந்தால் காலையில் எழுந்துதான் அறிவீர்கள்.