இணையவழி நிகழ்ச்சி மலைநாட்டை அடையும் வழி

1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரூபவாகினி தோன்றியபோது, நுவரெலியாவிலுள்ள பிதுருதலாகல மலையுச்சியில் அதன் ஒளிபரப்பு நிலையம் அமைந்தது. 2524 மீற்றர் உயரமான அவ்வுச்சியினின்று புறப்படும் அலையை ஒரு வீட்டார் பெற்றாலும் ஓராயிரம் வீட்டார் பெற்றாலும் அனுப்புவோருக்குச் செலவு ஒன்றே. இணையவழி நிகழ்ச்சியின் இயல்பு வேறு. அட்டனில் நூறு மாணவர் ஒரே பாடத்தைக் கைப்பேசியிற் பார்த்தால், அப்பாடம் பெரும்பாலும் நூறு முறை தனித்தனியே அனுப்பப்படுகிறது.

இச்சுமையைக் குறைக்க எழுந்தவையே உள்ளடக்க விநியோக வலையமைப்புகள். கொழும்புத் துறைமுகத்தில் அரிசி இறங்குகிறது என்பதற்காக மஸ்கெலியாத் தோட்டத்தார் கொழும்புக்குச் செல்வதில்லை. அண்மையிலுள்ள கடையில் அது இருப்பு வைக்கப்படுகிறது. அவ்வாறே நிகழ்ச்சியின் பிரதிகளும் பல நகரங்களிலுள்ள வழங்கிக் கணினிகளில் வைக்கப்படுகின்றன. கண்ணாடியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். சுமார் 2,700 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சிங்கப்பூருக்குக் கொழும்பிலிருந்து கேள்வி சென்று விடை மீள, குறைந்தது 27 மில்லிசெக்கன் ஆகும். அமெரிக்காவாயின் அது பன்மடங்காகும். ஒரு படம் ஓடத் தொடங்குமுன் இத்தகைய கேள்வி விடைகள் பல நிகழ்கின்றன; தாமதம் சேர்ந்துவிடுகிறது.

இச்சேவைகள் யாவும் ஒருதன்மையன அல்ல. 1998இல் நிறுவப்பட்ட அகாமை, தொலைபேசி நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே சிறு வழங்கிகளை மிகப் பல இடங்களில் வைக்கும் முறையைக் கைக்கொண்டது. 2011இல் வந்த பாஸ்ட்லி, குறைந்த இடங்களில் பெரிய களஞ்சியங்களை அமைக்கிறது. நெட்பிளிக்ஸ் தன் படங்களுக்கெனச் சொந்தப் பெட்டிகளைச் செய்து, போக்குவரத்துக் குறைந்த வேளையில் அவற்றை நிரப்புகிறது. நாளை எப்படம் விரும்பப்படும் என முன்கூட்டியே கணிக்க இயலுவதால் அது கைகூடுகிறது. நேரடி ஒளிபரப்பை அவ்வாறு முன்னரே சேமித்து வைப்பது எங்ஙனம்?

விலையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமேசானின் கிளவுட்பிரண்ட் சேவையில், அனுப்புவோர் மலிவான வகுப்பைத் தெரிந்தால், இந்தியா போன்ற விலை மிகுந்த பகுதிகள் விலக்கப்பட்டு, வட அமெரிக்காவும் ஐரோப்பாவுமே முதன்மையாக நிற்கும். எங்கோ ஓர் அலுவலகத்தில் மிச்சம் பிடித்த காசுக்கு நோர்வூட்டிலுள்ள பிள்ளை காத்திருக்க நேர்கிறது. கல்வி நிகழ்ச்சி அனுப்புவோர் முதலில் வினவ வேண்டியது இதனையே. உலகெங்கும் எத்தனை வழங்கிகள் உள்ளன என்னும் விளம்பரத் தொகையை அன்று.

எனினும் கொழும்பிலேயே பிரதி இருந்தாலும், மலைமுகட்டுக்குப் பின்னாலுள்ள லயன் அறையைக் கோபுரத்தின் அலை எட்டாவிடில் பயனில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, மலைநாட்டுப் பிள்ளைகள் அலை தேடி மேடுகளில் ஏறியமர்ந்து பாடங் கேட்டதை நாடறியும். இக்குறையை எந்த விநியோக வலையமைப்பும் நீக்காது. அனுப்புவோர் ஓரளவு தணிக்கலாம். ஒரே நிகழ்ச்சியைப் பல தரங்களில் ஆயத்தஞ் செய்து, சில செக்கன் நீளமுள்ள துண்டுகளாக்கி வைத்தால், இணைப்பின் வலுவுக்கேற்ற தரத்தைக் கைப்பேசியே தெரிந்துகொள்ளும். செக்கனுக்கு ஒரு மெகாபிற் வீதம் வரும் படம் மணிக்கு 450 மெகாபைற்றை விழுங்கும். 300 கிலோபிற் படம் 135ஐ. 64 கிலோபிற் ஒலி மட்டும் எனில் 29க்குச் சற்றுக் குறைவு. நாட்கூலியில் இணையக் கட்டணமும் கட்டும் வீட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் ஒலி மட்டுமுள்ள கடைசிப் படியையே பலர் அமைக்காது விடுகின்றனர்.